மண்டை ஓடு வந்தால் பதற வேண்டுமா? எமோஜி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, இதுதான் வேலை. வேலை முடிந்த பிறகு பலபேர் போனை என் பக்கம் திருப்பி, "இதுக்கு இன்னா அர்த்தம்னு கொஞ்சம் பாரும்மா" என்று கேட்கிறார்கள். பார்த்தால் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளோ, சென்னையில் வேலை பார்க்கும் மகனோ அனுப்பிய ஒரு மஞ்சள் முகம். அந்த ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தவர்களும் உண்டு.

கடைக்கு மாடியில் டியூஷன் நடக்கிறது. அங்கே வரும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கல்லூரிப் பெண்களையும் கேட்டுக் கேட்டுத்தான் நானும் கற்றுக்கொண்டேன். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இந்த மூஞ்சி பொம்மையெல்லாம் யாரும்மா கண்டுபிடிச்சது? வாட்ஸப்காரங்களா?

இல்லை, வாட்ஸப்புக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. 1982-ல் ஸ்காட் ஃபால்மன் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர், விளையாட்டாக எழுதியது எது நிஜமாக எழுதியது எது என்று பிரித்துக் காட்ட, முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து :-) என்று போடச் சொன்னார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகம். பழைய பட்டன் போனில் நாமும் அப்படித்தானே போட்டோம்.

படமாக வந்தது ஜப்பானில். 1999-ல் டோகோமோ என்ற போன் நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா என்பவரின் குழு 176 படங்களைச் செய்தது. ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கும். அதற்கு முன்பே 1997-ல் இன்னொரு ஜப்பான் நிறுவனம் 90 படங்கள் போட்ட போனை விற்றிருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. அதாவது பட எழுத்து. 'எமோஷன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாக நிறையப் பேர் நினைக்கிறார்கள், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

2010-ல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது ஏற்பாடான யூனிகோடு இவற்றைச் சேர்த்துக்கொண்டது. நம் தமிழ் எழுத்து எந்த போனில் திறந்தாலும் சரியாகத் தெரிகிறதே, அதற்குக் காரணமான அதே யூனிகோடுதான். நம்முடைய 'அ'வுக்கு ஒரு எண் இருப்பது போல 😂-க்கும் ஒரு எண் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாத்துக்கும் அர்த்தம் போட்டு ஒரு லிஸ்ட் குடுத்துடேன், செவுத்துல ஒட்டிக்கிறேன்.

கொடுக்கலாம், ஆறு மாதத்தில் பாதி தப்பாகிவிடும். யூனிகோடு வைப்பது ஒரு எண்ணும் ஒரு பெயரும் மட்டும்தான், அர்த்தத்தைப் பயன்படுத்துகிறவர்கள் வைக்கிறார்கள். மூக்கிலிருந்து புகை விடும் 😤 முகத்துக்கு யூனிகோடு வைத்த பெயர் வெற்றிக் களிப்பு, ஆனால் இங்கே அதைப் பார்க்கிற எல்லோருக்கும் அது கோபம்தான். 😪 முகம் தூக்கத்துக்கு உண்டானது. ஜப்பான் படக்கதைகளில் தூங்குகிறவரின் மூக்கில் ஒரு குமிழி வரைவது வழக்கம், அதுதான் அந்த நீலத் துளி. நமக்கு அந்த வழக்கம் தெரியாததால் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, சோகத்துக்கு அனுப்புகிறோம்.

நம் ஊரில் 'இன்னா' என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்கள். "இன்னா?" என்று சண்டைக்கும் கேட்கலாம், சாப்பிட்டாயா என்று விசாரிக்க ஆரம்பிக்கும்போதும் கேட்கலாம். குரலை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். எமோஜிக்குக் குரல் கிடையாது, அதனால் யார் அனுப்பினார்கள், யாருக்கு, எந்தப் பேச்சுக்குப் பிறகு, இந்த மூன்றையும் வைத்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

என் பொண்ணு எது சொன்னாலும் மண்டை ஓடு போடுதும்மா. வயித்துல புளியக் கரைக்குது.

பயப்படாதீர்கள் அக்கா, சிரிக்கிறாள். 💀 என்றால் சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்று அர்த்தம். நாமும்தான் "சிரிச்சே செத்தோம்" என்று சொல்வோம், அதையே அவர்கள் படமாக அனுப்புகிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய் ⚰️ சவப்பெட்டியும் சேர்ப்பார்கள். "இதெல்லாம் வேற நடக்குதா" என்று வாயடைத்துப் போகும்போதும் 💀 வரும், தான் செய்த அசட்டுத்தனத்தைச் சொல்லிவிட்டு வெட்கத்தில் போடுவதும் உண்டு.

ஆனால் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் குரூப்பில் யாரோ ஒரு ஜோக் போட்டார்கள், கல்லூரியில் படிக்கும் பையன் அதைப் படித்துச் சிரித்துவிட்டு 💀 அனுப்பினான். அவன் தேடி எடுத்து அனுப்புவதற்குள் நடுவில் அவனுடைய அத்தை "தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு" என்று போட்டுவிட்டார். அதற்கு நேர் கீழே மண்டை ஓடு. நான்கு மாதம் அந்த அத்தை அவனோடு பேசவில்லை. அவன் எவ்வளவு விளக்கினாலும் அவருக்கு அது ஒரு சாக்காகத்தான் தெரிந்தது. எந்தச் செய்திக்குப் பதிலோ அதை விரலால் வலப்பக்கம் இழுத்துவிட்டு அதன் மேல் பதில் போடுங்கள், இந்த விபத்து வராது. ஆயா, தாத்தா இருக்கிற குரூப்பில் 💀 போடாமலே இருந்தால் இன்னும் நல்லது.

அழுவுற பொம்மை வந்தா உடனே போன் பண்ணணுமா, விட்டுடலாமா?

மேலே சொன்ன மாதிரிதான், 😭 இப்போது முக்கால்வாசி நேரம் சிரிப்பு, இல்லாவிட்டால் தாங்க முடியாத ஆசை, பாசம், சந்தோஷம். பாகாயத்திலிருந்து வரும் ஒரு அக்கா, கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு ஆற்காடு மக்கன் பேடா பார்சல் அனுப்பினார். "பேடா வந்துடுச்சும்மா 😭😭😭" என்று பதில் வந்தது. கெட்டுப்போய்விட்டது, பிள்ளை ஏமாந்துவிட்டாள் என்று நினைத்து கூரியர்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். மகள் ரூம் தோழிகளோடு அதற்குள் பெட்டியைக் காலி செய்திருந்தாள்.

நிஜ அழுகையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாடிப் பெண்களிடமே கேட்டேன். அவர்கள் சொன்னது எனக்கு மனசில் தைத்தது. உண்மையாகவே உடைந்து போயிருந்தால் எமோஜியே போடத் தோன்றாது அக்கா, "ம்", "ஒண்ணும் இல்ல", "தூங்கப் போறேன்" அவ்வளவுதான் வரும் என்றார்கள். வழக்கமாக நாலு பொம்மை போடுகிற பிள்ளை திடீரென்று எதுவும் போடாமல் ஒற்றைச் சொல்லில் முடித்தால் அன்றைக்கு போன் பண்ணுங்கள். மூன்று 😭 வந்தால் சும்மா "என்னடி ஆச்சு" என்று கேட்டாலே போதும்.

😂 போட்டா என் பையன் 'அப்பா, இதெல்லாம் பழசு'ன்றான். சிரிப்புல கூடவா பழசு புதுசு?

இருக்கிறது அண்ணே. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அந்த வருஷத்தின் சொல்லாக எந்தச் சொல்லையும் எடுக்காமல் 😂-ஐயே எடுத்தார்கள், அந்த அளவுக்கு உலகமே அதைப் பயன்படுத்தியது. எல்லோரும் கையில் எடுத்த பிறகு இளசுகள் அதிலிருந்து நகர்ந்துவிட்டார்கள். நாம் போட்ட பெல்பாட்டம் மாதிரிதான். இப்போது அவர்கள் சிரிப்பதற்கு வைத்திருப்பது மேலே சொன்ன 💀, 😭 இரண்டும். நீங்கள் 😂 போட்டால் தப்பே இல்லை, அப்பா சிரிக்கிறார் என்று அவனுக்கு நன்றாகவே புரியும். அவன் மாதிரி நீங்களும் மண்டை ஓடு போட ஆரம்பித்தால்தான் அவனுக்குச் சங்கடம்.

வெறும் கட்டை விரல் அனுப்பினா ஏன் கோவிச்சிக்கிறாங்க? சரின்னுதானே சொன்னேன்?

நமக்கு 👍 என்றால் சரி, ஆச்சு, பார்த்துவிட்டேன். மருத்துவமனைப் பக்கம் லாட்ஜ் நடத்தும் ஒரு அண்ணன், வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களோடு 👍, 🙏 இரண்டை வைத்தே பாதி வியாபாரம் பேசி முடித்துவிடுவார், அங்கே அதைவிட மரியாதையான பதில் கிடையாது. ஆனால் இருபது வயசுப் பிள்ளைகளுக்குள் ஒற்றை 👍 என்பது முகத்தைத் திருப்பிக்கொண்டு "ம்" சொல்வது மாதிரி. பத்து வரி ஆசையாக எழுதி அனுப்பிய பிறகு 👍 வந்தால் கதவைச் சாத்தின மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

என் யோசனை ரொம்பச் சுலபம். கூட ஒரு வார்த்தை சேருங்கள். "சரி கண்ணு 👍" என்று போனால் அதில் கோபம் இருப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

🙂 இது நல்ல சிரிப்புதானே?

அவர்களுக்கு இல்லை. உதடு மட்டும் சிரித்து கண் சிரிக்காத முகம் அது. "பரவால்ல 🙂" என்று வந்தால் பரவாயில்லாமல் இல்லை, நிறையவே பரவாயிருக்கிறது என்று அர்த்தம். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும்போதும், யாரையாவது ஒதுக்கி வைக்கும்போதும் இதைத்தான் எடுப்பார்கள். தலைகீழ் முகம் 🙃 அதைவிடக் கொஞ்சம் மேல், "எல்லாம் நாசமாப் போச்சு, நான் சந்தோஷமா இருக்கேன்" என்கிற தொனி. மனசாரச் சிரிக்க வேண்டுமானால் 😊 போடுங்கள். கன்னம் சிவந்திருக்கும், கண்ணும் சிரிக்கும், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

வீட்டில் அம்மா 🙂 போடுவது வேறு, மகள் 🙂 போடுவது வேறு. அம்மாவுக்கு அது கீபோர்டில் முதலில் கண்ணில் பட்ட சிரிப்பு. இதைப் படிக்கும் பிள்ளைகள் தயவுசெய்து அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கை கூப்புறது வணக்கமா, நன்றியா, மன்னிப்பா?

நம் ஊரில் மூன்றும். கூடவே சாமி கும்பிடுவது, இரங்கல் சொல்வது, கல்யாணத்துக்கு அழைப்பது, ஓட்டுக் கேட்பது எல்லாம் 🙏 ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு பேர் கையைத் தட்டிக்கொள்கிற படம் என்று வெளிநாட்டில் ஒரு பேச்சு உண்டு, யூனிகோடு வைத்த பெயர் கூப்பிய கைகள் என்பதுதான், அதனால் நாம் எடுத்துக்கொள்வதே சரி. இளசுகள் "ஆளை விடு சாமி" என்பதற்கும் இதையே போடுகிறார்கள். நண்பன் கடி ஜோக் சொன்னால் 🙏 வரும், அது கும்பிட்டு வெளியே அனுப்புவது.

கலர் கலரா ஹார்ட் வருதே, சிவப்புன்னா லவ், மஞ்சள்னா நட்புன்னு சொல்றது நிஜமா?

அப்படி நிறையப் பட்டியல் சுற்றுகிறது, எதற்கும் கட்டுப்பட்டு யாரும் அனுப்புவதில்லை. பிடித்த கட்சிக் கொடி நிறம், கிரிக்கெட் அணியின் நிறம், போட்டிருக்கும் சட்டைக்குப் பொருத்தமான நிறம் என்றெல்லாம் எடுக்கிறார்கள். ஐபிஎல் நடக்கும் மாதங்களில் என் கடைக்கு வரும் பையன்களின் ஸ்டேட்டஸ் முழுக்க 💛 தான், அதில் காதலும் இல்லை ஒன்றும் இல்லை, சென்னை அணி.

சிவப்பு ❤️ கூட இப்போது ரொம்ப இளகிவிட்டது. பையன்கள் பையன்களுக்கு அனுப்புகிறார்கள், மாணவர்கள் டீச்சர் போட்ட விடுமுறை அறிவிப்புக்குப் போடுகிறார்கள். ஆனால் நாற்பது வயசுக்கு மேற்பட்ட ஒருவர் கூட வேலை செய்யும் பெண்ணுக்கு ❤️ அனுப்பினால் அது அப்படி இளகலாகப் போய்ச் சேராது. தோல் கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண், மேலதிகாரி தினமும் காலை வணக்கத்தோடு ❤️ அனுப்புவதால் குரூப்பையே மியூட் செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் நல்ல எண்ணத்தில்கூட அனுப்பியிருக்கலாம், இருந்தாலும் அவளுக்குத் தினமும் காலையில் ஒரு நெருடல். வேலை இடத்தில் ஹார்ட் வேண்டாம் அண்ணே. 🙏 இருக்கிறது, 💐 இருக்கிறது.

நடக்குற ஆள், கை குலுக்குறது, கல் சிலை இதெல்லாம் எதுக்கு? ஒண்ணும் புரியல.

இது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதில் சிலது நம் தமிழ்ப் பிள்ளைகள் தாங்களாகவே அர்த்தம் ஏற்றிக்கொண்டவை. 🚶 நடக்கிற ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு அது வெறும் பாதசாரி. நம் பிள்ளைகள் ஏதாவது அடி வாங்கிய விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவனைப் போடுவார்கள். "கணக்குல நாப்பது மார்க் 🚶" என்றால், சொல்ல ஒன்றும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நான் பாட்டுக்கு நடக்கிறேன் என்று அர்த்தம். நேதாஜி மார்க்கெட்டில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி நடக்கிற நம்மையே வரைந்த மாதிரி இருக்கும் எனக்கு.

🤝 என்றால் ஒப்பந்தம் இல்லை, "எனக்கும் அதே கதைதான்" என்கிற கூட்டாளித்தனம். ஒருத்தி "காலையில இருந்து சாப்பிடல" என்பாள், இன்னொருத்தி வெறும் 🤝 போடுவாள். 🫂 கட்டிப்பிடிக்கும் நிழல் உருவம், ஆறுதலுக்கு. இது 2020-ல்தான் வந்தது, துக்கத்தில் இருக்கிறவருக்கு வார்த்தை வராதபோது அனுப்ப இதைவிட நல்லது இல்லை என்பது என் அபிப்பிராயம். 🛐 வழிபாட்டு இடத்தைக் காட்டும் குறி, இவர்கள் கையில் "தெய்வமே!" ஆகிவிட்டது. இசையமைப்பாளர் பாட்டு போட்டாலும் வரும், ஆம்பூர் பிரியாணி படம் போட்டாலும் வரும். 😌 "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று கண்ணை மூடிக்கொள்ளும் முகம், பெரும்பாலும் வம்பை ஆரம்பித்தவரே போடுவார்.

🗿 ஈஸ்டர் தீவுச் சிலை மாதிரி இருந்தாலும், டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மோயாய் சிலையைப் பார்த்து எமோஜிக்குள் வந்தது. முகத்தில் சலனமே இல்லாமல் "அப்படியா" என்று நிற்பதற்குப் போடுவார்கள். 🐐 ஆடு வந்தால் கோபப்படாதீர்கள், பலியாடு என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எல்லாக் காலத்துக்கும் மேலானவர் என்ற தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆடு என்ற சொல் வருகிறது, அதனால் அது உச்சபட்சப் பாராட்டு. 🧢 தொப்பி என்றால் பொய் சொல்கிறாய் என்று அர்த்தம், அமெரிக்கக் கொச்சை வழக்கு. 🧿 மட்டும் யாரும் கேட்பதில்லை, பார்த்தவுடனே திருஷ்டிக்கு என்று ஆயாவுக்கே தெரிந்துவிடுகிறது.

கத்திரிக்காய் போடக் கூடாதாமே? நான் காய்கறி விக்கிறவம்மா, வேற எதப் போடுறது?

இதைக் கேட்ட அக்கா ஸ்டேட்டஸில் "இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்திருக்கு" என்று போட்டு, வரிசையாக 🍆 வைத்திருந்தார். பக்கத்துத் தெருப் பையன்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிரித்ததில் அவர் மனசு நொந்துவிட்டது. விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். 🍆 ஆண் உறுப்புக்கும், 🍑 பின்புறத்துக்கும், 💦 அது சம்பந்தமான பேச்சுக்கும் பயன்படுகிறது, உலகம் முழுக்க. ஆனால் காய் விற்கிறவர் காய் படம் போட்டால் அது காய்தான். இரண்டாம் பதிலில் சொன்ன மூன்றையும் வைத்துப் பாருங்கள், யார், யாருக்கு, எதற்கு. வெட்கப்பட வேண்டியது அந்தப் பையன்கள். உறுத்தலாக இருந்தால் காயை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள் அக்கா, முள்ளுக் கத்திரிக்காய் அந்த நீளக் காய் மாதிரியா இருக்கும்? புவிசார் குறியீடு வாங்கிய காய், அதன் முகத்தைக் காட்டியே விற்கலாம்.

இதே படங்கள் முன்பின் தெரியாத ஆளிடமிருந்து உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ வந்தால் அது வேறு கதை. அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் 1098, இணையக் குற்றத்துக்கு 1930, பெண்களுக்கு 181. பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் காட்டவே மாட்டார்கள்.

என் போன்ல வெறும் கட்டம்தான் தெரியுது. போன் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. புது எமோஜி வருஷா வருஷம் சேர்கிறது, உங்கள் போனின் மென்பொருள் பழசு, அந்த எண்ணுக்கு உரிய படம் அதில் இல்லை, அதனால் கட்டம் போடுகிறது. குடும்பப் படம் மாதிரி சிலது பல எமோஜிகளை ஒட்டிச் செய்தவை, பழைய போனில் அந்த ஒட்டு பிரிந்து அப்பா தனியாக, அம்மா தனியாக, பிள்ளை தனியாக நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எண் ஒன்றுதான், படத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. துப்பாக்கி எமோஜியை ஆப்பிள் 2016-ல் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது, மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் 2018-ல்தான் மாற்றின. நடுவில் இருந்த காலத்தில் ஒருவர் விளையாட்டாகத் தண்ணீர் பீய்ச்சினால் எதிரில் இருப்பவர் போனில் நிஜத் துப்பாக்கி தெரிந்தது. பொம்மை கொஞ்சம் விபரீதமாகத் தெரிந்தால் அனுப்பியவர் போனில் அது எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ல பொம்மை போட்டா காசு கூடப் போவுமா?

போகலாம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, எமோஜி ஒன்று நுழைந்தாலும் அது 70 ஆகக் குறைந்துவிடும், மீதி அடுத்த எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கில் ஏறும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஏற்கெனவே 70 தான், பெரிய வித்தியாசம் இருக்காது.

எழுதாம வெறும் ரியாக்‌ஷன் போட்டு விட்டுடுறாங்க. மதிக்கலைன்னுதானே அர்த்தம்?

இல்லவே இல்லை. வாட்ஸப்பில் இந்த வசதி 2022 மே மாதம் வந்தது, முதலில் ஆறு பொம்மைகள்தான், 👍 ❤️ 😂 😮 😢 🙏. சில மாதங்களில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று ஆக்கினார்கள். பிள்ளைகளுக்கு அது படித்துவிட்டேன் என்று தலையசைப்பது மாதிரி, பேச்சைத் துண்டிப்பது இல்லை. குரூப்பில் நாற்பது பேர் தனித்தனியாக "வாழ்த்துகள்" போட்டு நாற்பது தடவை மணி அடிப்பதைவிட இது மேல் என்று எனக்கும் தோன்றுகிறது.

சாவுச் செய்திக்கு மட்டும் கவனம் வேண்டும். பிள்ளைகள் பாசத்தில் ❤️ போடுகிறார்கள், பெரியவர்கள் கண்ணுக்கு அது செத்ததை விரும்பின மாதிரி தெரிகிறது. அங்கே 🙏 போதும், இன்னும் நல்லது இரண்டு வார்த்தை எழுதுவது, அதைவிட நல்லது போன்.

பொம்மையை வச்சு கேஸ் கூடப் போட முடியுமாமே?

நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர், அதிகாரி கொலை செய்யப்பட்ட செய்தி வாட்ஸப் குரூப்பில் வந்தபோது 👍 போட்டுவிட்டார், கொலையைக் கொண்டாடினார் என்று வேலையை எடுத்துவிட்டார்கள். 2024-ல் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தக் குறி 'சரி' என்ற சொல்லுக்கு மாற்றாகவும் இருக்கலாம், செய்தியைப் பார்த்ததன் அடையாளம்தான், கொண்டாட்டம் ஆகாது என்று சொல்லி அவர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது.

கனடாவில் நேர் எதிராக நடந்தது. ஒரு விவசாயிக்கு ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டார்கள். அவர் 👍 அனுப்பினார், சரக்கு அனுப்பவில்லை. பார்த்துவிட்டேன் என்றுதான் போட்டேன் என்றார். 2023-ல் அது சம்மதம்தான் என்று முடிவாகி, சுமார் 82,000 கனடா டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம். அவர்கள் அதற்கு முன்பும் இப்படிச் சின்னப் பதிலிலேயே வியாபாரம் முடித்துக்கொண்டவர்கள் என்பதும் கணக்கில் வந்தது. பணம், நிலம், சீட்டு, வாடகை பேசும் இடத்தில் பொம்மை வேண்டாம். "பார்த்தேன், யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுதிவிடுங்கள்.

பையன் போனை எடுத்துப் பார்த்தா இந்த பொம்மைங்களை வச்சு லவ், போதை எல்லாம் கண்டுபிடிச்சிடலாமா?

முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். போதைப் பொருளுக்கு இந்த இந்த எமோஜி என்று ஒரு பட்டியல் குடும்ப குரூப்களில் வருகிறது. 2021-ல் அமெரிக்கப் போதைத் தடுப்புத் துறை பெற்றோருக்காக அப்படி ஒரு பட்டியல் வெளியிட்டது உண்மைதான், ஆனால் எமோஜியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, பிள்ளையின் நடத்தையில் மாற்றம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். இலை, சாக்லேட், இதயம் எல்லாம் அதில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிய எல்லோரையும் பிடிக்க வேண்டும்.

நடத்தை என்றால் தூக்கம், சாப்பாடு, பணம், நண்பர் வட்டம், இவற்றில் ஏதாவது திடீரென்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள், மாறியிருந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். காட்பாடியிலிருந்து ஒரு அப்பா, மகன் போனில் 🔥 நூறு இருக்கிறது, எங்கேயோ தீ வைக்கப் போகிறான் என்கிற அளவுக்குப் பதறி வந்தார். அது "மாஸ்" என்பதற்குப் போடும் நெருப்பு, ஏதோ ஒரு படத்தின் ட்ரெய்லருக்குக் கீழே போட்டது. அவர் என்னிடம் வந்தது நல்லதாகப் போயிற்று, பையனிடம் முதலில் போயிருந்தால் சண்டைதான்.

அக்கா, எங்க அப்பா எதுக்குமே 👍 மட்டும்தான் அனுப்புறாரு. என் மேல கோவமா?

இதைக் கேட்டது மாடிக்கு வந்துகொண்டிருந்த பெண், இப்போது திருச்சியில் முதலாம் ஆண்டு. ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரத்தில் ஊருக்கு வந்தபோது கேட்டாள். "பத்திரமா வந்துட்டேன்" 👍. "ஃபீஸ் கட்டிட்டேன்" 👍. "உடம்பு சரியில்லப்பா" என்று போட்டதற்கும் 👍. அதில்தான் அவள் உடைந்துவிட்டாள்.

அவள் அப்பா என் வாடிக்கையாளர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. போனில் தமிழ் டைப் அடிக்க வராது, வாய்ஸ் அனுப்பக் கூச்சம், பக்கத்து மெஷின்காரர்கள் கேட்பார்கள் என்று. அவருக்கு ஒரே பொத்தானில் போகிற பதில் 👍 ஒன்றுதான். அந்தக் காய்ச்சல் செய்தி வந்த அன்று சாயந்திரம் என் கடைக்கு ஓடி வந்து திருச்சிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பார்க்கச் சொன்னவர் அவர். இதை அவளிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அப்பா போனை வாங்கி, பேசினால் தமிழில் எழுதிக்கொடுக்கும் மைக் பட்டனை கீபோர்டில் எப்படித் திறப்பது என்று என் கடையிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதில் முதலில் சொன்னது "சாப்டியா". எழுத்தில் சரியாக வந்தது. கூடவே ஒரு 👍 சேர்த்துத்தான் அனுப்பினார்.